காத்து நிக்கிற ஒரு நிமிசம்

இதிலை இருக்கலாமோ தம்பி? பையை எடுக்கத் தேவையில்லை, நான் ஒதுங்கி இருப்பன். நீங்கள் ரெலிபோனிலை தமிழ் கதைச்சது கேட்டது, அதுதான் வந்தனான். பஸ்ஸிலை முன்னுக்கும் இடம் கிடக்குது. ஆனா இண்டைக்கு ஒருத்தரோடையும் கதையாமல் ஸ்காபரோ மட்டும் இருந்து போக எனக்கு ஏலாது.

இந்தக் கடதாசியைத்தானே பாக்கிறீங்கள். லைசென்ஸ் சோதினை முடிவு. இப்பதான் தந்தவை. ஓம், பாஸ். நாலாந் தரம். கை தர வேண்டாம் தம்பி, முதல் கேளுங்கோ.

என்ரை பேர் குணரட்ணம். குணம் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. பரந்தனிலை ஒரு அரிசி ஆலைக்குப் பத்தொன்பது வருசம் லொறி ஓடினனான். இஞ்சை வந்து பாண் பேக்கரியிலை லோடிங். பாண் தட்டுகளை லொறியிலை ஏத்திக் கதவைச் சாத்தி ரெண்டு தட்டுத் தட்டுவன், வேறை ஆரோ ஏறி ஓடிக்கொண்டு போவினம். பன்ரெண்டு வருசம் அப்பிடித் தட்டித் தட்டி அனுப்பினனான். ட்ரைவராய் இருந்தவனுக்குத்தான் அது விளங்கும்.

அம்பத்தேழு வயசிலை ஏன் லைசென்ஸ் எண்டு எல்லாரும் கேட்டவை. மனுசி மட்டும் கேக்கேல்லை. அவள் யோகராணி, என்னட்டை அவ்வளவாக் கேள்வி கேக்கிறேல்லை. கன காலமா.

இஞ்சை ஒரு எழுத்துக் காணாது தம்பி. பெரிய லொறிக்கு டீ எண்டு ஒரு எழுத்து. அந்த லொறியிலை காத்துப் பிறேக் இருந்தால் இசெட் எண்டு இன்னொரு எழுத்தும் வேணும். இசெட் இல்லாதவன் காத்துப் பிறேக் வாகனத்தை ஓடக்கூடாது, அது சட்டம். நல்ல சட்டம். நான் பிழை சொல்லேல்லை. காத்துப் பிறேக் எண்டால் என்னெண்டு தெரியாதவன் நாப்பதாயிரம் இறாத்தல் பாரத்தோட ஹைவேயிலை ஏறினால் என்ன நடக்கும்?

எழுத்துச் சோதினை ஒரே தரத்திலை பாஸ். மூத்த மகள் புத்தகத்தை வாசிச்சுத் தமிழிலை சொன்னவள். அவள் ஒரு வசனம் வாசிக்க நான் மிச்சத்தைச் சொல்லுவன். ‘அப்பா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமே’ எண்டாள். தெரியும்தானே. காத்து எல்லா நாட்டிலையும் காத்துத்தான்.

வில்லங்கம் செய்து காட்டுற சோதினையிலை. சில்லுக்குக் கட்டை வைக்கவேணும். எஞ்சினை ஓட விட்டுக் காத்தை நூற்றிருபது இறாத்தல் மட்டும் ஏத்தவேணும். பிறகு எஞ்சினை நிப்பாட்டி, கைப்பிறேக்கை விடுவிச்சு, கால்பிறேக்கை மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு ஒரு நிமிசம் இருக்கவேணும். ஒரு நிமிசம். கால் அசையக்கூடாது. காத்து அளக்கிற மானியிலை முள்ளு மூண்டு இறாத்தலுக்கு மேலை இறங்கக்கூடாது. எங்கையும் காத்துப் போற சத்தம் கேக்குதோ எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருக்கவேணும். அவ்வளவுதான். அந்த அவ்வளவிலைதான் மூண்டு தரம் பெயில்.

முதல் தரம் சோதிக்க வந்தவன் ஒரு நெட்டை வெள்ளைக்காரன். எஞ்சினை நிப்பாட்டினன், காலை வைச்சன். இருவது செக்கன் போயிருக்கும். என்ரை கை தன்பாட்டிலை போய்த் திறப்பைத் திருப்பிப் போட்டுது. எஞ்சின் ஸ்ராட். ‘ஏன்?’ எண்டான். சொறி எண்டன். அவன் எழுதிக்கொண்டு இறங்கிப் போட்டான்.

ரெண்டாந் தரம் நாப்பது செக்கன் இருந்தனான். அவன் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டான், மனுசன்ரை மூஞ்சையைப் பாக்கேல்லை. அப்பிடிப் பாத்தால் ஆருக்கும் கால் எடுபடும்தானே. அதோடை அந்த நேரம் லொறிக்குப் பின்னுக்கு ஆரோ நடக்கிற சத்தம் கேட்டது. சரளைக் கல்லிலை செருப்போட நடக்கிற சத்தம். நான் காலை எடுத்திட்டன்.

மூண்டாந் தரமும் அந்தச் சத்தம். இந்த முறை விடக்கூடாது எண்டு கதவைத் திறந்து இறங்கிப் பின்னுக்குப் போய்ப் பாத்தன். ஒருத்தரும் இல்லை. அது தார் போட்ட நிலம் தம்பி, சரளையே இல்லை. ஆராவது பழகிற பிள்ளையள் நடந்து போயிருக்குங்கள். அவன் என்ன எழுதினான் தெரியுமோ? வாகனத்தைப் பாதுகாப்பில்லாமல் விட்டு இறங்கினது எண்டு. வாகனத்துக்குப் பின்னுக்கு ஆள் நிக்குதோ எண்டு பாக்கிறது பாதுகாப்பில்லையோ? நீங்களே சொல்லுங்கோ. மேலிடத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி மகளைக் கேட்டனான். அவள் எழுதேல்லை.

ட்ரைவிங் பழக்கிற பஞ்சாபிப் பெடியன் ஹர்பால் சிரிச்சான். ‘அங்கிள், லொறி ஓட நான் உங்களட்டைப் பழகவேணும். ஆனா உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியேல்லை’ எண்டான். பகிடிதான். ஆனா அண்டைக்கு வீட்டை வந்து நான் சாப்பிடேல்லை.

காத்து ஒழுகிறதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிசம் தேவையில்லை. எனக்குப் பழக்கினவன் அல்போன்ஸ். ஆலைக்குப் பின்னுக்கு ரயர் ஒட்டுற கடை வைச்சிருந்தவன், ஆலை லொறியளின்ரை மெக்கானிக்கும் அவன்தான். என்னிலும் பத்து வயசு குறைவு. கலியாணம் கட்டேல்லை. ஒரு தங்கச்சி, றெஜினா, அவளும் அவனும்தான். எங்கடை லொறி பழைய லொறி, சாமான் ஒண்டும் வாங்கேலாத காலம். பிறேக் குழாய் வெடிச்சால் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுத்திக் கம்பியாலை இறுக்கிக் கட்டுவான். ‘எஞ்சினை நிப்பாட்டுங்கோ அண்ணை, காத்து என்ன சொல்லுது எண்டு கேப்பம்’ எண்டு சொல்லிக்கொண்டு லொறிக்குக் கீழை பூந்து மண்ணிலை தலையை வைச்சுப் படுப்பான். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். நான் மூச்சுக் காட்டாமல் மேலை இருப்பன். பிறகு கீழையிருந்து குரல் வரும்: ‘கண்டிட்டன்.’ ஒரு நாளும் பிழைச்சதில்லை.

ஓம், நீங்கள் நினைக்கிறது சரி. அந்தக் கடைசி இடப்பெயர்வுதான். ரெண்டாயிரத்து ஒன்பது தை மாசம். நீங்கள் அப்ப சின்னப் பிள்ளையா இருந்திருப்பியள்.

தருமபுரத்திலை இருந்து விசுவமடுப் பக்கம் போறம். எனக்குப் பக்கத்திலை யோகராணி, மடியிலை ரெண்டு பிள்ளையள். பின்னுக்கு முப்பது சனம் இருக்கும், பெட்டியள், நெல்லு மூட்டை, ஆடு. அல்போன்சும் பின்னுக்குத்தான். காலமை பத்து மணி. தூறல். செல் குண்டு விழுகிற சத்தம் பின்னுக்குக் கேட்டுக்கொண்டு இருக்குது. சரளை றோட்டிலை ஒரு ஒழுங்கை முகப்பிலை அல்போன்ஸ் லொறிப் பெட்டியிலை தட்டி நிப்பாட்டச் சொன்னான். குதிச்சு என்ரை கதவடிக்கு வந்தான். றெஜினாவுக்கு நாலு நாளைக்கு முன்னம் காலிலை செல் துண்டு பட்டது, அந்த ஒழுங்கைக்குள்ளை தெரிஞ்ச ஆக்களின்ரை வீட்டிலை விட்டிருந்தவன். லொறி உள்ளுக்குப் போகேலாது, சேறு.

‘அண்ணை, ஒரு நிமிசம் நில்லுங்கோ. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வாறன்.’

‘காத்து ஒழுகுது அல்போன்ஸ்’ எண்டன். காலமையே ஒழுகினது. பின் சில்லுப் பக்கத்துக் குழாய்.

‘தெரியும் அண்ணை. எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ. அக்சிலேற்றரை லேசா மிதிச்சுக்கொண்டு இருங்கோ, காத்து நிக்கும்’ எண்டு சொல்லிப்போட்டு ஓடினான்.

உங்களுக்கு லொறி தெரியுமோ தெரியாது. காத்துப் பிறேக்கிலை காத்து இறங்கினால் பிறேக் இல்லாமல் போறேல்லை, பிறேக் இறுகிப் பிடிச்சிடும். பின் சில்லு பூட்டினமாதிரி. பிறகு அந்த லொறி அந்த இடத்தைவிட்டு அசையாது. முப்பது சனம் தம்பி. என்ரை ரெண்டு பிள்ளையள். நான் மானியைப் பாத்துக்கொண்டு இருந்தனான். எண்பது, எழுபது, பிறகு அறுபதுக்குக் கீழை வந்திட்டுது. நான் என்ன செய்ய? அவன் சொன்னவன்தான், மிதிச்சுக்கொண்டு இருந்தால் காத்து நிக்கும் எண்டு. ஆனா அவன் மெக்கானிக், ட்ரைவர் இல்லை. லொறி என்ரை பொறுப்பு.

எவ்வளவு நேரம் நிண்டனீங்கள் எண்டு கேக்கிறீங்களோ? பத்து நிமிசம். பத்துக்குக் குறையாது. பின்னுக்கிருந்து சனம் ‘எடுங்கோ, எடுங்கோ’ எண்டு கத்துது. பக்கத்து வயலுக்குள்ளை ஒண்டு விழுந்தது. யோகராணி என்ரை கையைப் பிடிச்சு, ‘பொறுங்கோ, அல்போன்ஸ் வரட்டும்’ எண்டாள். நான் ஒழுங்கையைப் பாத்தனான். ஒருத்தரும் வரேல்லை. ஒழுங்கை வெறுமையாத்தான் கிடந்தது. கியரைப் போட்டன்.

அவ்வளவுதான் நடந்தது. அதுக்குப் பிறகு அந்த லொறி இன்னும் ரெண்டு நாள் ஓடினது. பிறகு எரிஞ்சு போச்சு, நாங்கள் அதிலை இல்லாத நேரம். முகாமிலை அல்போன்சைத் தேடினனான். தேடினனான் எண்டும் சொல்லேலாது. ஆராவது பேர் சொல்லிக் கதைச்சால் காதைக் குடுத்துக்கொண்டு இருப்பன். இடம் மாறி இருப்பான், வேறை பக்கத்தாலை போயிருப்பான் எண்டு நினைச்சனான். கெட்டிக்காரன். அப்பிடித்தான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

போன மாசம் ஒரு ரெலிபோன். நான் மூண்டாந் தரம் பெயிலாகி ரெண்டு கிழமை. ‘குணம் அண்ணையோ? நான் றெஜினா.’

அவள் முள்ளியவளையிலை இருக்கிறாளாம். தையல். அந்தக் கால் முழங்காலுக்குக் கீழை இல்லையாம். அதைச் சாதாரணமாச் சொன்னாள். யோகராணி அக்கா எப்பிடி, பிள்ளையள் என்ன படிக்குதுகள் எண்டு எல்லாம் கேட்டாள். கோவமே இல்லை தம்பி. கோவப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பிறகுதான் சொன்னாள். அல்போன்ஸ் அவளைத் தோளிலை போட்டுக்கொண்டு றோட்டுக்கு வந்தவனாம். அவளுக்குக் காய்ச்சல், ஒண்டையும் காணேல்லை. லொறி எங்கை எண்டு கேட்டிருக்கிறாள். ‘அண்ணை விட்டிட்டுப் போற ஆள் இல்லை. இதிலை செல் விழுகுது எண்டு முன்னுக்குக் கொண்டுபோய் நிப்பாட்டியிருப்பார். நீ இதிலை இரு, நான் போய்ப் பின்னுக்கு எடுப்பிச்சுக்கொண்டு வாறன்’ எண்டு சொல்லி அவளை ஒரு பாலை மரத்துக்குக் கீழை இருத்திப்போட்டு, நான் போன பக்கம் நடந்தவனாம். அதுக்குப் பிறகு அவள் அவனைக் காணேல்லை. ஆரோ உழவு மிசினிலை போன சனம் அவளை ஏத்தினதாம்.

காணாமல் போன ஆக்களின்ரை விண்ணப்பத்தைத் கந்தோரிலை திரும்ப நிரப்பச் சொல்லியிருக்கினமாம். ‘அண்டைக்கு என்ன நடந்தது எண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தந்தால் உதவியா இருக்கும் அண்ணை. எந்த இடம், எத்தினை மணி, ஏன் பிரிஞ்சது எண்டு’ எண்டாள்.

எழுதினனான். அண்டு பின்னேரமே இருந்து எழுதினனான். காத்து ஒழுகினது, மானி அறுபதுக்குக் கீழை வந்தது, பத்து நிமிசம் நிண்டது, ஒருத்தரும் வராதபடியால் வாகனத்தை எடுக்கவேண்டி வந்தது. எழுத்துப் பிழை பாக்கச் சொல்லி யோகராணியட்டைக் குடுத்தன். அவள் நிண்டபடியே வாசிச்சாள். வாசிச்சுப்போட்டு, ‘அந்த லொறியிலை மானி வேலை செய்யிறேல்லையே’ எண்டாள். கடிதத்தை மேசையிலை வைச்சிட்டுச் சோத்துக்கு அரிசி கழுவப் போட்டாள்.

அவளுக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும்? அண்டைக்கு மட்டும்தான் அவள் முன்னுக்கு இருந்தவள். வேலை செய்யேல்லைத்தான், ஆனா எனக்கு மானி தேவையில்லை. ட்ரைவருக்குக் காலிலை தெரியும். மானி எண்டு எழுதினது வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கவேணும் எண்டு. இதிலை என்ன பொய்?

கடிதத்தை நான் அனுப்பேல்லை. பொக்கற்றிலைதான் கிடக்குது. காட்டுறன், பாருங்கோ. வாசிக்க வேண்டாம், சும்மா பாருங்கோ. நாலு பக்கம்.

இண்டைக்கு வந்தது ஒரு பொம்பிளை. முப்பது வயசு வராது. கட்டையை வைச்சன், காத்தை ஏத்தினன், நூற்றிருபது. எஞ்சினை நிப்பாட்டினன். காலை வைச்சன். ‘ஒரு நிமிசம், தொடங்குங்கோ’ எண்டாள்.

இருவது செக்கன் சரி. முப்பது சரி. பிறகு பின்னுக்கு அந்தச் சத்தம். சரளையிலை செருப்பு. பாரத்தோட நடக்கிற ஆளின்ரை நடை தம்பி, ஒரு கால் அழுந்தி, மற்றக் கால் அழுந்தி. என்ரை கை திறப்புக்குப் போகப் பாத்தது. ஸ்ரேறிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். இந்த முறை வரட்டும் எண்டு விட்டன். வந்தது. பின் சில்லடிக்கு வந்தது. பெட்டியைத் தாண்டி வந்தது. என்ரை கதவடியிலை வந்து நிண்டது. நான் திரும்பிப் பாக்கேல்லை. மானியைப் பாத்துக்கொண்டு இருந்தன். முள்ளு ஒரு இறாத்தல்தான் இறங்கினது.

‘முடிஞ்சுது சேர்’ எண்டாள் அந்தப் பிள்ளை. நான் காலை எடுக்கேல்லை. ‘சேர், நிமிசம் முடிஞ்சுது. ஓகேயோ?’

‘காத்து நிக்குது’ எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை சொன்னன்.

‘ஓம், நல்லா நிக்குது’ எண்டாள். அவளுக்கு என்ன தெரியும். சேர்ட்டுக் கையாலை முகத்தைத் துடைச்சன், வேர்வை எண்டு நினைச்சிருப்பாள். பிறகு றோட்டிலை ஓடிக் காட்டினது, திருப்பினது, பின்னுக்கு எடுத்தது, அதெல்லாம் எனக்கு ஒரு வேலையோ.

கடதாசியை வாங்கிக்கொண்டு வெளியிலை கிடந்த வாங்கிலை இருந்து றெஜினாவுக்கு ரெலிபோன் எடுத்தன். மனுசிக்குச் சொல்லமுதல் அவளுக்குத்தான் எடுத்தனான். அங்கை இரவு. விண்ணப்பத்தை முன்னுக்கு வைச்சுக்கொண்டு இருக்கிறாளாம். நான் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட, அவள், ‘அண்ணை, ஒண்டு கேக்கவேணும். கடைசியா என்ன உடுப்புப் போட்டிருந்தவர் எண்டு கேட்டிருக்கு. எனக்கு எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்லை. உங்களோடை வந்தவர்தானே, ஞாபகம் இருக்கோ?’ எண்டாள்.

எனக்கு யோசிக்க வேண்டியே இருக்கேல்லை.

‘நீலக் கோடு போட்ட சாரம், மடிச்சுக் கட்டினது’ எண்டன். ‘மேலுக்கு ஒண்டும் இல்லை. மண்ணிறச் சேர்ட்டு, அதைக் கழட்டி உன்ரை தலையிலை மூடியிருந்தவன்.’

அங்காலை கடதாசி திருப்புற சத்தம் கேட்டது.

‘ஓம்’ எண்டாள் பிறகு. ‘தூறல் எண்டு மூடி விட்டவர். அதாலைதான் நான் ஒண்டையும் காணேல்லை. அந்த வீட்டு வாசலிலை வைச்சுத்தான் அண்ணை கழட்டினவர். றோட்டுக்கு வரேக்கை.’

லொறியின்ரை பக்கக் கண்ணாடியிலை தெரிஞ்சது தம்பி. கியரைப் போட்டாப் பிறகுதான் தெரிஞ்சது. இல்லை, போடமுதல். ஒழுங்கை முகப்பிலை நிண்டு கையைக் காட்டினவன். ஒரு கையாலை அவளைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையைக் காட்டினவன். மானியை நான் பாக்கேல்லை. அவனைத்தான் பாத்துக்கொண்டு எடுத்தனான்.

அவள் அழேல்லை. பேனை எழுதுற சத்தம் கேட்டது. ‘எழுதிப்போட்டன்’ எண்டாள். ‘சாட்சி எண்டு ஒரு இடம் இருக்கு அண்ணை. இவ்வளவு காலமும் அது வெறுமையாத்தான் கிடந்தது. உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ.’

சொன்னனான். தகப்பன்ரை பேரோட சொன்னனான். விலாசம் கேட்டாள், இஞ்சத்தை விலாசத்தை எழுத்துக் கூட்டிச் சொன்னனான்.

‘காணாமல் போனவருக்கு என்ன முறை எண்டு கேட்டிருக்கு’ எண்டாள். ‘அவர் உங்களை அண்ணை எண்டுதானே கூப்பிடுறவர். அண்ணை எண்டு எழுதட்டோ?’

நாளைக்கு எடுக்கிறன் எண்டு சொல்லி ரெலிபோனை வைச்சிட்டன். அங்கை விடிய, அவள் விண்ணப்பத்தைக் குடுக்கக் கந்தோருக்குப் போகமுதல் சொல்லவேணும். நீங்கள் படிச்ச ஆள் தம்பி. நான் என்ன சொல்லுறது?